எழுதிப் பொழைக்க முடியுங்களா?

கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடி ஒரே மனிதர் 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியிருக்கிறார், தெரியுமா? ஆயிரத்து ஐந்நூறு! அது போக 2,000-க்கு மேல் சிறுகதைகள்!

கொங்கு நாட்டில் பெண் கேட்டுப் போன எழுத்தாளர் எவரும் ஒரு கேள்விக்குத் தப்பியிருக்க முடியாது. “எழுதறதெல்லாம் சரிங்க மாப்பிள்ளை, பொழப்புக்கு என்ன பண்றீங்க?” அரை நூற்றாண்டாக அந்தக் கேள்விக்குப் பேனாவைக் காட்டியே பதில் சொல்லி வருகிறவர் ராஜேஷ்குமார். இயற்பெயர் கே.ஆர். ராஜகோபால், பிறந்த வருடம் 1947. கொஞ்ச காலம் ஆசிரியர் வேலை பார்த்தார், அப்புறம் எழுத்தே தொழில் என்று இறங்கிவிட்டார். ஐம்பது வருடம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு முப்பது நாவல் வருகிறது. உச்சத்தில் இருந்த நாட்களில் க்ரைம் நாவல், பெஸ்ட் நாவல், எவரெஸ்ட் நாவல், கிரேட் நாவல், திகில் நாவல் என்று ஐந்து மாத இதழ்களுக்கு மாதம் ஐந்து நாவல்! வார இதழ்த் தொடர்கள் தனிக் கணக்கு. நம்மில் பலர் மாதத்துக்கு ஐந்து கடிதம்கூட எழுதியதில்லை.

வெளிநாட்டுச் சாதனைகளோடு வைத்துப் பார்க்கலாமா? மேக்ரே என்ற துப்பறிவாளரைப் படைத்த பெல்ஜியத்து ஜார்ஜ் சிம்னோன், எழுதும் வேகத்துக்கே உலகப் புகழ் பெற்றவர். புனைபெயரில் எழுதியதையெல்லாம் சேர்த்தாலும் அவர் கணக்கு நானூறு சொச்சம். அவருடைய நாவல்கள் நம் பாக்கெட் நாவலைவிடப் பெரியவை, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எண்ணிக்கையில் மூன்று மடங்குக்கு மேல் போன கோவைக்காரருக்கு ஒரு கைதட்டலாவது கொடுக்காமல் விடலாமா?

பாக்கெட் நாவல் எப்படிப் பிழைப்பைக் கொடுத்தது என்பது அதைவிட ஆச்சரியம். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் 80களிலும் 90களிலும் புத்தகக் கடை முன்னால் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. குறுக்கே கட்டிய சணல் கயிறு, அதில் கிளிப் மாட்டித் தொங்கும் பளபள அட்டைகள், உள்ளே பழுப்பேறிய நியூஸ்பிரிண்ட் தாள். நாவலின் தலைப்பைவிட எழுத்தாளர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம், ஆறு ஃபாரம் அச்சடித்தால் 96 பக்கம், ஒரு நாவல் முடிந்தது. காந்திபுரத்தில் பஸ் ஏறும்போது பிரித்தால் சேலத்தில் இறங்குவதற்குள் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடும்.

பார்க்கப் புத்தகம், விற்பனையில் பத்திரிகை! அங்கேதான் சூட்சுமம். அது மாதம் பிறந்ததும் கடைக்கு வரும், அடுத்த மாதம் அடுத்தது வந்ததும் கயிற்றிலிருந்து இறங்கிவிடும். புத்தகக் கடையைத் தேடிப் போகாத மக்களிடம் பெட்டிக்கடை வழியாகவே போய்ச் சேர்ந்தது. எழுத்தாளருக்கும் பெரும்பாலும் ராயல்டி கணக்கெல்லாம் கிடையாது, நாவலுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. சோமனூர் தறிக்காரருக்குச் சொன்னால் உடனே புரியும்: ஓடின மீட்டருக்குத்தான் கூலி, தறி நின்றால் கூலியும் நின்றது. ஆகவே ஒவ்வொரு மாதமும் கதை வேண்டும், குறித்த தேதிக்குள் வேண்டும். காய்ச்சல் வந்தாலும் அவருடைய துப்பறியும் ஜோடி விவேக்கும் ரூபலாவும் துப்பறிந்தே ஆகவேண்டும்!

அந்த வேகத்துக்கென்று அவர் ஒரு கட்டுமானமும் வைத்திருந்தார். ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லாத இரண்டு கதைகள் தனித்தனித் தடத்தில் ஓடும். முதல் அத்தியாயம் ஒரு ஊரில், இரண்டாவது வேறெங்கோ, மூன்றாவது மறுபடி முதல் ஊரில். கடைசிப் பக்கங்களில் இரண்டும் மோதிக்கொள்ளும். வாசகரை நகரவிடாத உத்தி என்று மட்டும் இதை நினைக்காதீர்கள். மாதம் ஐந்து நாவல் எழுதுகிறவருக்கு ஒரு தடத்தில் கை நின்றால் மறு தடத்துக்குத் தாவிக்கொள்ளலாம், பேனா சும்மா இருக்காது. இது என் ஊகம்தான், ஆனால் எழுதிப் பழகியவர்கள் தலையாட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

சென்னையின் ‘பிளாஃப்ட்’ பதிப்பகம் 2008-ல் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபோது அதில் இவருக்கும் இடம் இருந்தது. 2017-ல் அருண் விஜய் நடித்த ‘குற்றம் 23’ இவர் கதையை ஒட்டி வந்த படம். ஆனால் இலக்கியக் கூட்டங்களில் இவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஒரு சின்னச் சிரிப்பு ஓடும். இந்தச் சிரிப்பும் உலகப் பொதுதான். இங்கிலாந்தில் ஆந்தனி டிரோலப் தபால் இலாகாவில் அதிகாரியாக இருந்துகொண்டே எழுதியவர். கால் மணிக்கு 250 வார்த்தை என்று கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு 47 நாவல் எழுதினார். அதையும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் வாங்கிய பணத்தையும் அவர் சுயசரிதையில் ஒளிக்காமல் போட்டுவிட்டார். 1883-ல் அது வெளிவந்ததும் அவருடைய இலக்கிய மதிப்பு சரிந்தது. எழுத்தாளன் காசு வாங்கலாம், கணக்கை மட்டும் வெளியே சொல்லக்கூடாது போலிருக்கிறது!

சரி, சிரிப்பவர்கள் எதில் பிழைத்தார்கள்?

ராயல்டியில் இல்லை. 200 ரூபாய் விலையுள்ள புத்தகம், வழக்கமான பத்து சதவீத ராயல்டி, பிரதிக்கு 20 ரூபாய். மாதம் முப்பதாயிரம் ரூபாயில் கோவையில் ஒரு குடும்பம் இழுத்துப் பிடித்து ஓட வேண்டுமென்றால் வருடத்துக்கு 18,000 பிரதி விற்க வேண்டும். தமிழில் தீவிர இலக்கியப் புத்தகம் நெடுங்காலம் ஒரு பதிப்புக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிதான் அச்சானது. இப்போது இருநூறு, முந்நூறு என்று தேவைக்கு அச்சடித்துக்கொள்கிறார்கள். ஆயிரமும் விற்றுத் தீர்ந்தால் எழுத்தாளர் கையில் 20,000 ரூபாய். அது விற்றுத் தீர எத்தனை வருடம் ஆகும் என்று பதிப்பாளரைக் கேட்காதீர்கள், பேச்சை மாற்றிவிடுவார்.

இந்திய வருமான வரிச் சட்டம் எழுத்தாளனை எவ்வளவு பெரிய ஆளாக நினைத்திருக்கிறது, தெரியுமா? 1961-ம் ஆண்டுச் சட்டத்தில் 80 கியூகியூபி என்று ஒரு பிரிவு. பழைய வரிமுறையில் இருந்தால், இலக்கிய, கலை, அறிவியல் நூல்களின் ராயல்டியில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம் என்றது அது. மேற்படி 20 ரூபாய்க் கணக்கில் அந்தச் சலுகையை முழுசாக அனுபவிக்க 15,000 பிரதி விற்றிருக்க வேண்டும். அரசாங்கம் இலையைப் போட்டு வைத்துவிட்டது, சோறுதான் வந்து சேரவில்லை!

பின்னே எங்கிருந்து வந்தது சோறு? சம்பளத்திலிருந்து! கொங்கு இலக்கியத்தின் பெயர் பெற்ற ஆட்களை வரிசையாகப் பாருங்கள். நாஞ்சில் நாடன் பிறந்தது குமரி மாவட்டத்து வீரநாராயணமங்கலம், பிழைக்கப் போனது பம்பாய், 1989-லிருந்து கோவைக்காரர். பிராடி கம்பெனியில் விற்பனைப் பிரிவு. இயந்திரங்கள் விற்க ஊர் ஊராகப் போன பிரயாணங்களில் பார்த்த மனிதர்களும் சாப்பிட்ட சாப்பாடும் கதைகளாகவும் கட்டுரைகளாகவும் வந்தன. 2010-ல் ‘சூடிய பூ சூடற்க’ தொகுப்புக்குச் சாகித்ய அகாதமி விருது. திருப்பூரின் சாயக் கழிவை ‘சாயத்திரை’ நாவலாக்கிய சுப்ரபாரதிமணியன் தொலைபேசித் துறை ஊழியர். சோமனூரில் பிறந்த கோவை ஞானி தமிழாசிரியர். ‘நிகழ்’, ‘தமிழ்நேயம்’ என்று அவர் நடத்திய சிற்றிதழ்கள் அவருக்குச் செலவு வைத்தனவே தவிர வருமானம் தரவில்லை. சர்க்கரை நோயில் கண் பார்வை போன பிறகும் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், சொல்லச் சொல்ல எழுத வைத்தார், புத்தகம் புத்தகமாக வெளியிட்டார். 2020-ல் மறையும் வரை ஓயவில்லை.

தொலைபேசித் துறை என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். ஜெயமோகனும் அதே துறை! சங்க காலப் புலவர்களுக்குப் பாரியும் குமணனும் இருந்தார்கள் என்றால், நம் காலத்துக்குத் தொலைபேசி இலாகா இருந்தது என்று இலக்கிய வரலாற்றில் ஒரு வரி சேர்க்கலாம். ஜெயமோகன் விருப்ப ஓய்வு பெற்று வெளியே வந்தார், சினிமாவில் எழுதினார், 2014-லிருந்து 2020 வரை ‘வெண்முரசு’ வரிசையில் 26 நாவல்களை இணையத்தில் நாள்தோறும் இலவசமாக வெளியிட்டார். ஏறத்தாழ 26,000 பக்கங்கள்! மகாபாரதத்தை மறுபடி எழுதியவருக்கு உலை கொதித்தது சினிமாவில். ஜெயமோகன் நாகர்கோவில்காரர், ஆனால் அவர் வாசகர்களின் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் வேரூன்றியிருப்பது கோவையில். 2010-லிருந்து மூத்த படைப்பாளிகளுக்கு விருது கொடுக்கிறார்கள், டிசம்பரில் கோவையில் விழா. முதல் விருது ஆ. மாதவனுக்கு. அவர் யார், தெரியுமா? திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை வைத்திருந்த வியாபாரி! வாழ்நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்தபடி அந்தத் தெருவையே இலக்கியமாக்கியவர். தமிழில் எழுத்தாளனைத் தேடினால் கல்லாப்பெட்டிக்குப் பின்னால்தான் கிடைக்கிறான்.

இப்போது சிங்காநல்லூருக்கு வாருங்கள்! கோவைக்காரர்கள் தினம் பஸ்ஸில் கடந்து போகிற ஊர். ஒரு காலத்தில் எழுதுகிறவனுக்குக் காசு கொடுத்த இடம் அது என்றால் நம்புவீர்களா?

1930களில் அங்கே சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. 40களில் ஜூபிடர் பிக்சர்ஸ் அதில் படமெடுத்தது. அவர்களுக்கு வசனம் எழுதச் சின்ன வயசுக்காரர் ஒருவர் தேவைப்பட்டார். ஈரோட்டில் பெரியாரின் ‘குடி அரசு’ அலுவலகத்தில் துணை ஆசிரியராக இருந்த இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இளைஞரை அழைத்து வந்தார்கள். மு. கருணாநிதி! 1947-ல் ‘ராஜகுமாரி’ வந்தது, எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம். டைட்டிலில் ஏ.எஸ்.ஏ. சாமி பெயர், கருணாநிதி வெறும் உதவி. அடுத்த வருடம் ‘அபிமன்யு’வில் அதுவும் இல்லை! பிற்காலத்தில் வசனத்துக்காகவே கூட்டம் சேர்த்தவருக்கு ஆரம்பம் இப்படி. அங்கிருந்து சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், ‘மந்திரி குமாரி’, 1950. ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்த நிறுவனம் படத்தை ஆலை மாதிரி உற்பத்தி செய்தது. ஆலையில் பிட்டருக்கும் ஃபோர்மேனுக்கும் சம்பளம் என்றால் கதை இலாகாவில் எழுதுகிறவனுக்கும் சம்பளம், மாதம் பிறந்தால் கையில் காசு. தமிழ் எழுத்தாளனுக்கு எழுதுவதற்கென்றே ஒழுங்காகச் சம்பளம் கிடைத்த அபூர்வமான இடங்களில் ஒன்று சென்னையில் இல்லை, சேலத்தில் இருந்தது! கண்ணதாசன் அங்கே வேலை பார்த்தார். அவர் எழுதி முதலில் திரைக்கு வந்த பாட்டு 1949-ல் ஜூபிடரின் ‘கன்னியின் காதலி’க்கு.

கோவையின் இன்னொரு ஸ்டுடியோ, புலியகுளம் பக்ஷிராஜா. எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954-ல் ‘மலைக்கள்ளன்’ எடுத்தார். கதை நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை, வசனம் கருணாநிதி. மோகனூரில் பிறந்த கவிஞர் அந்த நாவலை எழுதியது சிறையில்! படம் ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. தமிழில் ஓடியது போதாதென்று தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று மொத்தம் ஆறு மொழிகளில் வந்தது. இந்தியில் ‘ஆசாத்’, திலீப் குமார், மீனா குமாரி. காவிரிக் கரைக்காரர் சிறையில் யோசித்த ஒரு கதை சிங்களம் வரை போயிருக்கிறது! இத்தனைக்கும் கவிஞரின் ஆரம்ப காலப் பிழைப்பு கவிதை இல்லை, ஓவியம். ஆட்களை உட்கார வைத்து உருவப்படம் வரைந்து கொடுத்துக் கிடைத்த காசில் குடும்பம் ஓடியது. இன்றைக்குச் சென்னையில் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு அவர் பெயர்.

பாட்டுக்காரர்களையும் விட்டுவிடக்கூடாது. பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயணகவி நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போய்ப் பாட்டாலேயே வாழ்ந்தவர். புலமைப்பித்தன் பஞ்சாலைத் தொழிலாளி! மில்லில் வேலை பார்த்துக்கொண்டே பேரூர் தமிழ்க் கல்லூரியில் படித்தார், 1968-ல் ‘குடியிருந்த கோயில்’ மூலம் சினிமாப் பாடலாசிரியர் ஆனார். கோபிசெட்டிபாளையம் பக்கத்து வெள்ளாங்கோவில்காரர் கே. பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’ இந்தியில் ‘வோ சாத் தின்’, ‘முந்தானை முடிச்சு’ அங்கே ‘மாஸ்டர்ஜி’. கதை ஒன்று, ஆனால் விற்பனை இரண்டு. கொங்கு வியாபார மூளை என்பது பனியனில் மட்டுமா இருக்கும்?

கல்கி கதை இன்னும் விசேஷம். ‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கி பத்திரிகைத் தொழில் பழகிய இடங்களில் ஒன்று திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குக்கிராமம், தெரியுமா? ராஜாஜி 1925-ல் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் வைத்தார். அங்கிருந்து மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தியபோது கூட இருந்து வேலை செய்தவர் கல்கி. பிறகு ஆனந்த விகடன் ஆசிரியர். 1941-ல் சொந்தமாகக் ‘கல்கி’ பத்திரிகை. அதற்கு முதல் எங்கிருந்து வந்தது? எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதர் வேடம் போட்டாரே, அந்தச் சம்பளம்! சங்கீத மேதை ஆண் வேடம் கட்டி நடித்துச் சம்பாதித்த பணத்தில் தொடங்கிய பத்திரிகையில்தான் 1950-லிருந்து மூன்றரை வருடம் ‘பொன்னியின் செல்வன்’ வாராவாரம் வந்தது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் இன்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், யாருக்கும் ராயல்டி தர வேண்டியதில்லை. 2022-ல் அது சினிமாவானபோது வசனம் எழுதியவர்? முன்பு சொன்ன தொலைபேசித் துறைக்காரர் ஜெயமோகன்!

நாட்டுடைமை, நூலகம் என்று பேச்செடுத்தால் திருப்பூரில் பிறந்த ஒருவரைச் சொல்லாமல் முடியாது. தி.சு. அவினாசிலிங்கம், 1946-லிருந்து 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். நாடு சுதந்திரம் பெற்ற மறு வருடமே பொது நூலகச் சட்டம் வந்தது அவர் காலத்தில். நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு சின்னத் தொகை சேர்ந்திருக்கும், ரசீதை எடுத்துப் பாருங்கள். அந்தச் சட்டத்தின் கைங்கரியம் அது. அந்தப் பணத்தில் நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிறார்கள். பதிப்பாளர்கள் இன்றைக்கும் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் ‘லைப்ரரி ஆர்டர்’ அதுவே. ஆர்டர் வந்த வருடம் எழுத்தாளருக்குப் போன் வரும், வராத வருடம் போன் அடித்தாலும் எடுக்க மாட்டார்கள்.

அவினாசிலிங்கம் அதோடு நிற்கவில்லை. தமிழ் வளர்ச்சிக் கழகம் என்று ஒன்றை நிறுவி, தமிழில் கலைக்களஞ்சியம் போட வேண்டும் என்றார். முதன்மை ஆசிரியராக உட்கார்ந்தவர் மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சக்காட்டு வலசுக்காரர் பெ. தூரன். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்த விவசாயி வீட்டுப் பிள்ளை. 1954-ல் முதல் தொகுதி, 1968-ல் பத்தாவது தொகுதி! கம்ப்யூட்டர் இல்லை, இணையம் இல்லை, துறைச் சொற்களுக்குத் தமிழே இல்லாத காலம். அது முடிந்த கையோடு குழந்தைகளுக்கென்று இன்னொரு பத்து தொகுதி. நடுவில் கவிதை, சிறுகதை, நாடகம், நூற்றுக்கணக்கில் கீர்த்தனைகள் வேறு! 1968-ல் பத்மபூஷண். எழுத்தைத் தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள் பட்டியலில் தூரனை யாரும் சேர்ப்பதில்லை. இருபது வருடம் காலையில் போய் உட்கார்ந்து எழுதிச் சம்பளம் வாங்கியவரை வேறு என்ன பட்டியலில் சேர்ப்பது?

தாராபுரம் கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரத்துக்கு அப்படி ஒரு நாற்காலி கிடைக்கவில்லை. 1942-ல் வெளிவந்த ‘நாகம்மாள்’ தமிழின் முதல் வட்டார நாவல் என்று பல்கலைக்கழகங்கள் பாடம் நடத்துகின்றன. கொங்குக் கிராமத்தின் நிலத்தகராறு, ஒரு கைம்பெண்ணின் பிடிவாதம், அந்த மக்கள் பேசின பேச்சு! அப்படிப்பட்டவர் காசுக்காக என்ன செய்தார்? மொழிபெயர்த்தார். வங்க நாவல்களை இந்தி வழியாகத் தமிழுக்குக் கொண்டு வந்து குவித்தார். தம்பியோடு சேர்ந்து கோவையில் பதிப்புத் தொழிலும் பார்த்தார். ‘பதேர் பாஞ்சாலி’யைத் தமிழில் படித்தவர்கள் பலர் படித்தது இவர் கைத்தமிழில்தான். சொந்த நாவல் எழுதியிருக்க வேண்டிய கை இன்னொருவர் நாவலை எழுதிக்கொண்டிருந்தது என்று விமர்சகர்கள் வருத்தப்படுவார்கள். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. எழுத்தை விட்டு வேறு வேலைக்குப் போகாமல் எழுத்துக்குள்ளேயே வேலை தேடிக்கொண்டார் மனிதர்.

திருச்செங்கோடு மறுபடியும்! அந்த ஊர் சினிமா தியேட்டரில் சோடாக் கடை வைத்திருந்தவரின் மகன் பெருமாள்முருகன். அந்தத் தியேட்டரே ‘நிழல்முற்றம்’ நாவல். கொங்கு வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதி போட்டவர், அரசுக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். 2010-ல் வந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 கடைசியில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பில் பலரும் கவனிக்காமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. பதிப்பாளர்கள் என் புத்தகங்களை விற்க வேண்டாம், அவர்களுக்கு உண்டாகும் நஷ்டத்தை நானே கொடுக்கிறேன், வாங்கிய வாசகர்களுக்கும் நஷ்டம் என்றால் தருகிறேன் என்று சொல்லியிருந்தார்! உலகத்தில் எந்த எழுத்தாளர் வாசகருக்குப் பணம் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்? ராயல்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவரால் அப்படி எழுதியிருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். வாத்தியார் சம்பளம் என்ற ஒன்று பின்னால் இருந்தது.

2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. மறுபடி எழுதினார். ‘பூக்குழி’யின் ஆங்கில வடிவம் 2023-ல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில். அதே வருடம் ‘ஆளண்டாப் பட்சி’யின் ஆங்கில வடிவத்துக்கு ஜேசிபி பரிசு, 25 லட்சம் ரூபாய்! மொழிபெயர்த்த ஜனனி கண்ணனுக்குத் தனியாக 10 லட்சம். அதே 2023-க்கான சாகித்ய அகாதமி விருது தமிழில் இன்னொரு கொங்குக்காரர் தேவிபாரதிக்கு, ‘நீர்வழிப் படூஉம்’ நாவலுக்காக. அதன் தொகை ஒரு லட்சம். 20 ரூபாய் ராயல்டியில் அந்த 25 லட்சத்தைச் சம்பாதிக்க வேண்டுமானால் ஒன்றே கால் லட்சம் பிரதி விற்க வேண்டும்.

ஒன்றே கால் லட்சம் என்றதும் திகைத்துப் போகாதீர்கள். நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் நாலு லட்சம் பிரதிக்குத் திட்டம் போட்டார்! பாரதியார்தான். 1920-ல், தன் எழுத்துகளை நாற்பது புத்தகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் அச்சடிக்கப் போவதாக நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிக் கடன் கேட்டார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாக விற்றுப் போகும் என்று நம்பிக்கை. கடன் திரளவில்லை. மறு வருடம் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்கு வந்து, மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசினார். ஆறு வாரத்தில் மறைந்துவிட்டார். 1949-ல் ஓமந்தூரார் அரசு அவர் எழுத்துகளின் உரிமையை வாங்கிப் பொதுவாக்கியது. அப்புறம் நாலு லட்சம் என்ன, எத்தனை லட்சம் அச்சானது என்று யாராலும் எண்ண முடியாது.

அதே ஈரோட்டில் 2005-லிருந்து ஆகஸ்ட் மாதம் பிறந்தால் புத்தகத் திருவிழா, மக்கள் சிந்தனைப் பேரவை நடத்துவது. குடும்பம் குடும்பமாகச் சனம் வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியல் காசு கொண்டு வரும். பில் போடும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 200 ரூபாய் புத்தகத்துக்குப் பத்து சதவீதம் கழிவு போட்டு 180 வாங்குவார் கடைக்காரர். கழிக்க மறந்தால் நாம் ஞாபகப்படுத்துவோம். வாசகருக்குக் கையோடு 20 ரூபாய் கிடைத்துவிட்டது. எழுத்தாளருக்கும் அதே 20 ரூபாய்தான், ஆனால் அவர் வருடக் கணக்கு முடிகிற வரை பொறுத்திருக்க வேண்டும். கணக்கு வந்தால் உண்டு!